ஒரு பக்கத்துப் பால் போதுமா?

நள்ளிரவு நேரம். தொட்டிலில் மூன்று மாதக் குழந்தை பசித்து அழுகின்றது. எழுந்து உட்கார முயலும் தாயால் இயலவில்லை. மாலையிலேயே உடல் குளிர்ந்து நடுங்கியது. இப்போது காய்ச்சல் அனலாய்க் கொதிக்கின்றது. இடப்பக்க மார்பின் ஒரு பகுதி கல்லைப்போல் இறுகிச் சிவந்து, ஆடை பட்டாலும் நோகின்றது. குழந்தை பிறந்தபின் இவ்வாறு நேர்வது இது மூன்றாம் முறை.

"போதும் அம்மா, நீ பட்ட பாடு! நாளையிலிருந்து புட்டிப்பால் கொடுத்துவிடுவோம். நீ நலமாக எழுந்து நடமாடினால் போதும்" என்கிறார் மாமியார். அவர் சொல்லில் பரிவு உண்டேயன்றிக் குற்றம் இல்லை. பொழுது விடிந்ததும் கடைக்குச் செல்லக் கணவரும் காத்திருக்கின்றார். ஆனால் அந்தத் தாயின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகின்றது: 'நோவது ஒரு பக்கந்தானே? மற்றப் பக்கத்தில் ஒரு குறையும் இல்லையே! அதனைக் கொண்டே என் குழந்தையை வளர்க்க முடியாதா?'

இக்கேள்வியை வாய்விட்டுக் கேட்கத் தாய்மார் பலர் நாணுகின்றனர். துணிந்து கேட்டாலும், "ஒரு பக்கத்துப் பால் பிள்ளைக்கு எப்படிப் போதும்?" என்ற மறுமொழியே கிடைப்பதுண்டு. எனவே ஒரு பக்கத்து நோய்க்காக இரு பக்கத்துப் பாலும் நிறுத்தப்படுகின்றது. இக்கட்டுரை அத்தகைய தாய்க்கும், அவளைச் சூழ்ந்து நிற்கும் குடும்பத்தாருக்கும் உரியது. 'முடியும்' என்பதே அவளது கேள்விக்கு விடை. ஆனால் அதற்குரிய முறையும் காலமும் உண்டு. அவற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

மார்பு ஏன் வீங்குகின்றது?

பாலூட்டும் தாயின் மார்பில் ஏற்படும் இந்நோயை மார்பக அழற்சி என மருத்துவர் கூறுவர். பால் சுரக்கும் திசுக்களும், பால் வரும் மெல்லிய குழாய்களைச் சூழ்ந்த பகுதியும் வீங்குவதால் குழாய்கள் நெருக்கப்பட்டுப் பால் தேங்குகின்றது. முலைக்காம்பில் வெடிப்போ புண்ணோ இருப்பின், நோய்க் கிருமிகளும் உட்புகுந்து பெருகுதல் கூடும். இவற்றுள் அடிக்கடி காணப்படுவது ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி. அப்போது காய்ச்சலும் நடுக்கமும் உடல்வலியும் தோன்றுகின்றன.

இந்நிலையில் நம் வீடுகளில் செய்யப்படுவது யாது? வெந்நீர் ஒத்தடம், கட்டியைக் கையால் அழுத்தித் தேய்த்தல், ஒரு சொட்டும் எஞ்சாதவாறு பாலைப் பீய்ச்சி எடுத்தல். மருத்துவரும் பல்லாண்டுகளாக இவற்றையே சொல்லி வந்தனர். ஆனால் தாய்ப்பாலூட்டல் பற்றி ஆராயும் மருத்துவர்களின் பன்னாட்டு அமைப்பொன்று 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறை, இவ்வழக்கங்களை மாற்றிக்கொள்ளுமாறு கூறுகின்றது. அழுத்தித் தேய்ப்பதால் வீங்கிய திசு மேலும் புண்படுகின்றது. வெப்பம் சிலருக்கு இதமாக இருப்பினும் வீக்கத்தை மிகுவிக்கக்கூடும். அளவுக்கு மீறிப் பீய்ச்சுவதோ, 'இன்னும் பால் தேவை' என்று மார்புக்கு ஆணையிடுவதற்கு ஒப்பாகும். ஆகையால் குளிர்ந்த ஒத்தடம் இடுக; குழந்தை கேட்கும் அளவிற்குப் பாலூட்டுக; கை வைப்பதாயின் பூனைக்குட்டியைத் தடவுவதுபோல் மென்மையாகத் தடவுக. இதுவே இன்றைய அறிவுரை. வலியும் வீக்கமும் தணியப் பாலூட்டும் தாய்க்கு ஏற்ற மாத்திரைகள் உண்டு. மருத்துவரைக் கேட்டு உட்கொள்ளலாம்.

ஒரு நாள் கழிந்தும் காய்ச்சல் தணியவில்லையென்றாலும், தாய் மிகவும் சோர்ந்துவிட்டாலும் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் செல்லவேண்டும். கிருமிகளை அழிக்கும் ஆண்டிபயாடிக் மருந்து தரப்பட்டால், இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டதென்று அதனைப் பாதியில் நிறுத்தலாகாது.

இங்கே ஓர் அச்சத்தைப் போக்குதல் வேண்டும். அழற்சியுற்ற மார்பின் பால் குழந்தைக்கு நஞ்சன்று. அதில் உப்புச் சத்து மிகுவதால் சுவை சற்றுக் கரிக்கும். அதனால் குழந்தை முகந்திருப்புதல் உண்டு. எனினும் குடித்தால் தீங்கில்லை. மாறாக, வீக்கமும் காய்ச்சலும் கடுமையாக இருக்கும் வேளையில் அந்தப் பக்கத்தைத் திடீரென நிறுத்துவதே கேடு. தேங்கிய பால் சீழ்க்கட்டியாக மாறவும், ஊசியால் சீழை வெளியேற்றவேண்டிய நிலை உருவாகவும் கூடும். எனவே, 'இந்தப் பக்கம் வேண்டாம்' என்று முடிவு செய்யும் தாயும், நோய் தணிந்தபின்னரே அதைச் செயற்படுத்தவேண்டும். காய்ச்சலின் நடுவே செய்யும் முடிவு அவசர முடிவாகும்.

தனித்தனி ஊற்றுகள்

ஒரு பக்கம் மட்டும் ஊட்ட இயலும் என்று எதனைக் கொண்டு சொல்கின்றோம்? இரண்டு மார்புகளும் ஒரே கிணற்றில் இறங்கிய இரு குழாய்கள் அல்ல. தனித்தனியே ஊறும் இரண்டு ஊற்றுகள்.

பால் சுரக்கத் தூண்டும் புரோலாக்டினும், சுரந்த பாலை வெளியேற்றும் ஆக்சிடோசினும் இரத்தத்தின் வழியே இரு பக்கங்களுக்கும் செல்கின்றன. ஆயினும், எவ்வளவு பால் சுரக்கவேண்டும் என்னும் கணக்கை ஒவ்வொரு மார்பும் தானே வைத்துக்கொள்கின்றது. பால் நிறைந்து நின்றால் அந்தப் பக்கத்தில் சுரப்புத் தணியும். வடிந்துகொண்டே இருந்தால் மிகும். ஸ்காட்லாந்தில் இயங்கிய ஹன்னா ஆய்வு நிலையத்தார் வெள்ளாடுகளைக் கொண்டு இதனைத் தெளிவாகக் காட்டினர். ஒரு காம்பில் மட்டும் கூடுதல் தடவை கறந்தபோது, அந்தப் பக்கத்து மடியில் மட்டுமே பால் பெருகிற்று. மறு பக்கத்தில் பெருகவில்லை. ஒரே இரத்தம் ஓடும் ஒரே ஆட்டின் உடலில்தான் இவ்வேறுபாடு!

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து ஆய்வாளர்கள், முழுவதும் தாய்ப்பாலில் வளரும் 71 குழந்தைகள் ஒரு நாளில் பருகும் பாலை நிறுத்துப் பார்த்து 2006-இல் வெளியிட்டனர். ஒன்று முதல் ஆறு மாதம் வரையிலான அக்குழந்தைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 788 கிராம் பால் பருகின. இரட்டைக் குழந்தைகளின் தாயை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்களுள் பலர், 'இது உனக்கு, அது உனக்கு' என்பதுபோல் ஆளுக்கொரு பக்கமாக ஒதுக்கி இருவரையும் வளர்க்கின்றனர். அங்கே ஒரு மார்பு ஒரு குழந்தையை முழுமையாகக் காப்பாற்றுகின்றது. ஒற்றைக் குழந்தைக்கு மட்டும் அது எப்படிப் போதாமற்போகும்?

ஹாங்காங் மீனவத் தாய்மார்

இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தியும் அன்று. தென்சீனக் கடலோரத்தில் படகுகளையே வீடாகக் கொண்டு வாழ்ந்த மீனவர் சமூகம் ஒன்று உண்டு. ஹாங்காங்கைச் சார்ந்த அம்மீனவப் பெண்கள், தங்கள் பிள்ளைகள் அனைவருக்கும் வலப்பக்கத்தில் மட்டுமே பாலூட்டி வந்தனர். அவர்கள் அணிந்த மேற்சட்டை வலப்பக்கமாகத் திறப்பது அதற்குக் காரணமாயிற்று. நோயால் அன்று, உடையின் அமைப்பால் எழுந்த வழக்கம் அது. ஆயினும் படகிலே பிறந்த பிள்ளைகள் அந்த ஒரு பக்கத்துப் பாலைப் பருகியே வளர்ந்தனர்.

இவ்வழக்கத்தை உலகறியச் செய்த கட்டுரை 1977-இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. அதன் நோக்கம் வேறு. முதுமையில் மார்பகப் புற்றுநோய் கண்ட அப்பெண்களிடம், பாலூட்டாத பக்கத்திலேயே அந்நோய் மிகுதியாகத் தோன்றியதை ஆய்வாளர்கள் கண்டனர். பாலூட்டுதல் மார்பைக் காக்கின்றது என்பதற்கு இஃது ஒரு சான்றாகக் கொள்ளப்பட்டது. இதனைக் கேட்டுத் தாய்மார் அஞ்சவேண்டியதில்லை. அப்பெண்கள் எந்தப் பிள்ளைக்கும் இடப்பக்கத்தில் பாலூட்டாதவர்கள். சில மாதம் இரு பக்கமும் ஊட்டிய பின் நோயின் காரணமாக ஒன்றை நிறுத்தும் தாயின் நிலை வேறு. மேலும் இந்த ஆய்வு சொல்லும் பாடம், கூடுமான வரை பாலூட்டுக என்பதேயன்றி, ஒரு பக்கம் இயலாவிட்டால் மறு பக்கத்தையும் நிறுத்துக என்பதன்று.

முதலில் காரணத்தைத் தேடுக

இவ்வளவும் உண்மையேயாயினும், ஒரு பக்கத்தை நிறுத்துவது முதல் மருந்தன்று. மற்றவை பயன்படாதபோது கைக்கொள்ளும் வழி. ஒரே மார்பில் மீண்டும் மீண்டும் அழற்சி வருமாயின் அதற்குக் காரணம் இருத்தல் வேண்டும்.

குழந்தை காம்பை மட்டும் பற்றி இழுக்கின்றதா? வாயை அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்துப் பற்றினால்தான் புண் உண்டாகாது. ரவிக்கையோ உள்ளாடையோ ஓரிடத்தில் இறுக்குகின்றதா? 'பால் கட்டிக்கொள்ளுமே' என்ற அச்சத்தால் ஒவ்வொரு முறையும் கூடுதலாகப் பீய்ச்சி, தேவைக்கு மேல் பால் பெருகும்படி செய்துவிட்டோமா? முன்பு தந்த மருந்தை முழுவதும் உட்கொண்டோமா? அம்மருந்துக்கு அடங்காத கிருமியாயின், பாலைச் சோதனைக்கூடத்திற்கு அனுப்பி ஏற்ற மருந்தை மருத்துவர் தேர்ந்தெடுப்பார். இவற்றுள் ஒன்றைத் திருத்திய அளவிலேயே நோய் திரும்பாமல் நின்றுவிடுதல் உண்டு. அப்போது எந்தப் பக்கத்தையும் நிறுத்தவேண்டியதில்லை.

மற்றொன்றையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அழற்சி ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை வந்தாலும், காய்ச்சல் நீங்கியபின்னும் கட்டி கரையாமல் நின்றாலும், தோல் ஆரஞ்சுப் பழத்தோல்போல் தடித்துச் சிவந்தே இருந்தாலும் அதனைப் 'பால் கட்டு' என்று ஒதுக்கிவிடாதீர்கள். அல்ட்ராசவுண்ட் கருவியால் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அச்சத்திற்கு இடமிராது. ஆனால் அரிதாக, பாலூட்டும் இளந்தாய்க்கும் புற்றுநோய் இவ்வடிவில் வருவதுண்டு. பக்கத்தை நிறுத்திவிட்டோம், இனி நோய் இல்லை என்று வாளாவிருத்தல் அப்போது பெருந்தவறாகிவிடும்.

ஒரு பக்கத்திற்கு ஓய்வு தருவது எப்படி?

காரணங்களைத் தேடித் திருத்தியபின்னும் நோய் விடவில்லை. காய்ச்சலிலும் வலியிலும் தாய் தளர்ந்துவிட்டாள். மருத்துவரும் இசைகின்றார் எனக் கொள்வோம். அப்போது பின்வருமாறு செய்யலாம்.

முதலாவது, நிதானம். ஒவ்வொரு முறையும் நல்ல பக்கத்தில் முதலில் ஊட்டுக. ஓய்வுபெற வேண்டிய பக்கத்தில், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, ஒரு வேளையைக் குறைத்துக்கொண்டே வருக. இவ்வாறு இரண்டு முதல் நான்கு வாரங்களில் அந்தப் பக்கம் அமைதியடையும். அந்தப் பக்கத்திலேயே பால் மிகுதி என்றால் இன்னும் மெல்லச் செல்லுதல் நன்று.

இரண்டாவது, அளவு. இடையில் அந்தப் பக்கம் கனத்து வலித்தால், வலி தணியும் அளவிற்குச் சிறிது பீய்ச்சுக. முழுவதும் எடுத்தால் மீண்டும் ஊறும். ஒன்றும் எடுக்காவிட்டால் மீண்டும் அழற்சி வரும். இவ்விரண்டிற்கும் நடுவழியே வேண்டும். பிறகு குளிர்ந்த ஒத்தடம் இடுக. துணியால் வரிந்து இறுகக் கட்டுதல் கூடாது. தாங்கி நிற்கும், ஆனால் இறுக்காத உள்ளாடையே போதும்.

மூன்றாவது, மல்லிகை. பால் வற்ற மார்பின்மேல் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டும் வழக்கத்தை நம் பாட்டிமார் அறிவர். இதனை வெறும் நம்பிக்கை என்று தள்ளுவதற்கில்லை. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 60 தாய்மாரிடம் இதனைச் சோதித்து 1988-இல் வெளியிட்டனர். பாலை நிறுத்துவதற்கு அக்காலத்தில் தரப்பட்ட புரோமோகிரிப்டின் மாத்திரைக்கு நிகராக மல்லிகையும் பாலையும் மார்பின் கனத்தையும் குறைத்தது. இரத்தத்தில் புரோலாக்டினின் அளவும் குறைந்தது. நம் தாய்க்கு எச்சரிக்கை இங்கேதான் உள்ளது! இரத்தத்தில் புரோலாக்டின் குறைந்தால், இழப்பது நோயுற்ற பக்கம் மட்டுமன்று. குழந்தையை வளர்க்கப்போகும் நல்ல பக்கமும் வற்றக்கூடும். ஆகவே இரு பக்கமும் நிறுத்துவோர்க்கு உதவும் மல்லிகை, ஒரு பக்கம் ஊட்ட விரும்புவோர்க்கு ஏற்றதன்று. மாத்திரைக்கும் இதுவே பொருந்தும். பக்கவிளைவுகளின் காரணமாக, பாலை நிறுத்தப் புரோமோகிரிப்டின் தருவது அமெரிக்காவில் 1994-இல் கைவிடப்பட்டது. பாலை எடுக்காமல் விடுதல் ஒன்றே அந்தப் பக்கத்தை மட்டும் அடக்கும் வழி.

நான்காவது, நல்ல பக்கத்தின் நலம். ஒரே காம்பு நாள்தோறும் உழைப்பதால் அது புண்படாமற் காக்கவேண்டும். ஒருமுறை மடியில் கிடத்தியும், மறுமுறை குழந்தையின் கால்கள் தாயின் அக்குளுக்கடியில் பின்னோக்கி இருக்குமாறு ஏந்தியும், இரவில் படுத்தவாறும் ஊட்டலாம். குழந்தையின் கழுத்து ஒரே திசையில் திரும்பிப் பழகாமலிருக்கவும் இது துணை செய்யும்.

குழந்தைக்குப் போதுகின்றதா என அறிவது எங்ஙனம்?

தொடக்கத்தில் சில நாட்கள் குழந்தை அடிக்கடி அழும். அரைமணிக்கொருமுறை பால் கேட்கும். இதைக் கண்டு, 'பால் போதவில்லை' என்று புட்டியை நாடுவோர் பலர். உண்மையில் அந்த அழைப்பே நல்ல பக்கத்திற்கு, 'இனி இருவர் வேலையை நீ செய்' என்று இடும் கட்டளை. கேட்கும்போதெல்லாம் கொடுத்தால் சில நாட்களில் சுரப்புப் பெருகும்.

அழுகையைக் கொண்டு அளவிடாதீர்கள். ஒரு நாளில் ஆறு முறையேனும் சிறுநீரால் துணி நன்கு நனைகின்றதா? அச்சிறுநீர் வெளிறிய நிறத்தில் உள்ளதா? குழந்தை விழித்திருக்கையில் சுறுசுறுப்பாக இருக்கின்றதா? எல்லாவற்றிலும் மேலாக எடை ஏறுகின்றதா? முதல் ஆறு மாதங்களில் மாதந்தோறும் அரைக் கிலோவிற்குக் குறையாமல் ஏறவேண்டும். ஒரு பக்கத்தை நிறுத்தத் தொடங்கிய நாள் முதல் வாரந்தோறும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ எடை பார்த்துக் குறித்து வைப்பது அறிவுடைமை. அக்குறிப்பேடு, அண்டை வீட்டார் சொல்லும் நூறு கருத்துகளைவிட மேலான சாட்சி.

எடை ஏறவில்லை என்றால், மருத்துவர் சொல்லும் துணை உணவைத் தரத் தயங்கவேண்டாம். அப்போதும் நல்ல பக்கத்தை விட்டுவிடாதீர்கள். கிடைக்கும் ஒவ்வொரு துளியும் குழந்தைக்குப் பயனே.

தாயின் தோற்றம் பற்றியும் ஒரு சொல். ஊட்டும் பக்கம் பெரிதாகவும் ஓய்ந்த பக்கம் சிறிதாகவும் சில மாதங்கள் தோன்றும். பாலூட்டுதல் நிறைவுற்ற பின் பெரும்பாலும் அவ்வேறுபாடு குறைந்துவிடும். ஓய்ந்த பக்கத்தில் சில வாரங்கள், ஏன், சில மாதங்கள் வரை ஓரிரு துளி கசிதலும் இயல்பே. அடுத்த பேற்றில் இரு பக்கமும் புதிதாகப் பால் சுரக்கும். ஒரு பிள்ளைக்காக ஓய்ந்த ஊற்று என்றென்றைக்கும் தூர்ந்துவிடுவதில்லை.

இல்லத்தாருக்கு

இறுதியாக, அந்த நள்ளிரவுக்குத் திரும்புவோம். காய்ச்சலோடு கிடக்கும் அந்தத் தாய்க்கு உடனடியாகத் தேவைப்படுவது கடைப்பால் அன்று. ஒரு செம்பு தண்ணீர், குளிர்ந்த ஒரு துணி, குழந்தையைத் தூக்கி அவளருகில் கிடத்தும் ஒரு கை, விடிந்ததும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் ஒரு துணை. மாமியாரும் தாயும் அடுப்பையும் துணி துவைத்தலையும் சில நாள் ஏற்றுக்கொண்டால், பாதி மருந்து கொடுத்தவர்கள் ஆவர். கணவர் எடைக் குறிப்பேட்டைத் தம் பொறுப்பில் வைத்துக்கொள்ளட்டும். "ஒரு பக்கம் மட்டுமா கொடுக்கிறாய்?" என்று வியந்து கேட்போருக்கு அவரே மறுமொழி சொல்லட்டும்.

இரு பக்கமும் ஊட்ட இயலவில்லையே என்று அந்தத் தாய் தன்னை நொந்துகொள்ள வேண்டியதும் இல்லை. மூன்று முறை காய்ச்சலில் கிடந்தும், 'இன்னும் ஏதேனும் வழி உண்டா?' என்று அவள் கேட்டாளே, அதுவே தாய்மையின் பெருமைக்குப் போதிய சான்று. வழி உண்டு, அம்மா. நோய் தணியட்டும், காரணத்தைத் தேடுங்கள், வேண்டுமாயின் ஒரு பக்கத்திற்கு மெல்ல ஓய்வு கொடுங்கள். மறு பக்கம் உங்கள் குழந்தையைக் காக்கும்.